முன்னறையில் ஓர் இலையுதிர் காலம்

பெங்களூரில் அக்டோபரில் இலைகள் உதிர்வதில்லை. தை பிறந்த பிறகுதான் எங்கள் தெரு மரங்கள் இலை கொட்டத் தொடங்கும். மாசியில் தெரு பெருக்கும் பெண்கள் குவித்துக் குவித்து அலுத்துப்போவார்கள். அக்டோபர் பச்சை மாதம். பிற்பகலில் மேகம் கூடும், மாலையில் மழை பெய்யும், காலையில் மதில்களில் புதுப் பாசி தெரியும். நாட்குறிப்பின் முதல் வரியில் வானிலையை எழுதும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் இதைத் தயங்காமல் சொல்ல முடிகிறது. ஆகவே ஓர் அக்டோபர் காலையில் என் மனைவி படுக்கையில் இருந்தபடியே கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "நம்ம ஹாலையும் இந்த மாதிரி பண்ணலாங்க" என்றபோது, மாதம் தவறு என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தன் வீட்டை இலையுதிர் காலத்துக்காக அலங்கரித்துக்கொண்டிருந்தாள். வாசற்படிகளில் ஆரஞ்சு நிறப் பூசணிகள், சோபாவின் மேல் பழுப்புப் போர்வை, ஜன்னலுக்குக் குறுக்கே நூலில் கோத்த இலைகள், கதவில் காய்ந்த இலைகளால் செய்த ஒரு பெரிய வளையம்.

"அங்க குளிருதும்மா. இங்க ஃபேன் ஓடுது," என்றேன்.

"ஃபேனை நிறுத்திட்டுப் பண்ணுங்க."

அவள் ஒன்றைக் கேட்டு வெகு நாட்களாகியிருந்தன. அதனால் சரி என்றேன்.

ஜூன் கடைசியில், காக்ஸ் டவுன் மார்க்கெட் திருப்பத்தில், ஈரச் சாலையில் அவளுடைய ஸ்கூட்டர் சறுக்கியது. தொடை எலும்பு முறிந்தது. உள்ளே ஒரு கம்பி வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று அடுத்தடுத்து எடுத்த எக்ஸ்ரேக்கள் காட்டின. நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அவள் நடக்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவாள், குளியலறையிலிருந்து கட்டிலுக்குத் திரும்புவாள். அதோடு சரி.

எங்களுடையது பழைய கன்டோன்மென்ட் காலத்து வீடு. ரயில் பெட்டி போல நீளமானது. தெருவைப் பார்த்தபடி முன்னறை, அடுத்து சாப்பாட்டு அறை, கடைசியில் படுக்கையறையும் குளியலறையும். முன்னறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே, யார் எதற்காக வைத்தார்களோ, வாசல்நிலையின் குறுக்கே உயரமான ஒரு மரப் படி. வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுத்தான் காலைத் தூக்க வேண்டும். நல்ல காலைத் தூக்கும் அந்த நேரத்தில் உடம்பு முறிந்த காலை நம்பி நிற்கும். ஆகஸ்டில் ஒருமுறை முயன்றாள். வாக்கர் படியில் தட்டியது. பின்னால் நான் இருந்ததால் விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டு அறைக்குக்கூட வரவில்லை. சாப்பாடு கட்டிலுக்குப் போயிற்று.

பயிற்சி கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் ஒரு பிசியோதெரபிப் பெண் வருவாள். ஹாசன் பக்கத்துக்காரி. தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். "மேடம், ஸ்வல்ப முன்னாடி வாங்க மேடம். பயப்படாதீங்க, நான் இதீனி," என்பாள். ஸ்வல்ப என்றால் கொஞ்சம், இதீனி என்றால் இருக்கிறேன். என் மனைவி அவளை உட்காரவைத்து, காபி வரவழைத்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்து, பயிற்சி நேரத்தைக் கட்டிலிலேயே கரைத்துவிடுவாள். ஒருநாள் அந்தப் பெண் வாசல் கேட்டருகில் நின்று என்னிடம் சொன்னாள்: "சார், எலும்புல ஒண்ணும் இல்ல. தசை கரைஞ்சிட்டே இருக்கு. இப்படியே வருஷக் கடைசி வரைக்கும் போச்சுன்னா அப்புறம் நடக்க வைக்கிறது ரொம்ப கஷ்டம். எப்படியாவது முன் ரூமுக்கு வர வையுங்க சார்."

எனவே நான் சரி என்று சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. முன்னறை அழகானால் அதைப் பார்க்க அவள் வருவாள்.

அவள் கேட்டதற்கும் காரணம் இருந்திருக்க வேண்டும் என்று வேலையைத் தொடங்கிய பிறகுதான் யோசித்தேன். அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். அதனால் நான் சார். ஒவ்வொரு வருடமும் அவளுடைய வகுப்புச் சுவரில் நான்கு பருவங்கள் ஒட்டப்படும். பாடப்புத்தகத்தில் நான்குதான் இருந்தன. இலையுதிர் காலத்துக்கு ஆரஞ்சு சார்ட் பேப்பரில் இலைகளை வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பியிருப்பாள். 'நம்ம ஊர்ல ஏன் மிஸ் இது வர மாட்டேங்குது?' என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்குமாம். 'வரும், வேற மாதிரி வரும்' என்று இவள் சொல்வாளாம். வேறு மாதிரி என்றால் எப்படி என்று அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்தவரை, இங்கே அந்தப் பருவம் வெளிச்சத்தில் வருகிறது. செப்டம்பர் வரை எங்கள் முன்னறை ஜன்னலின் விளிம்போடு நின்றுவிடும் வெயில், அக்டோபரில் சாய்ந்து உள்ளே வந்து எதிர்ச் சுவரின் காலண்டர் வரை போகும். மார்க்கெட்டில் சீத்தாப்பழம் குவியும். சாமந்தி மலியும். சாயங்காலம் சட்டென்று இருட்டும். ஆனால் இவை எல்லாம் முன்னறைக்கும் தெருவுக்கும் வருபவை. படுக்கையறை ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டின் பூசாத சுவர். அதற்கு ஜூனும் ஒன்றுதான், அக்டோபரும் ஒன்றுதான். அந்தச் சுவரைப் பார்த்தபடி கிடந்தவளுக்கு, ஒரு மாதம் போய் இன்னொரு மாதம் வந்தது என்பதற்கு என்ன அடையாளம் இருந்திருக்கும்? கைப்பேசியில் தெரிந்த யாரோ ஒரு பெண்ணின் வீட்டில்தான் காலம் நகர்ந்துகொண்டிருந்தது.

இலைகளுக்கு எங்கள் தெருக்கோடியின் பாதாம் மரம் உதவியது. அதுவும் மொத்தமாக உதிர்ப்பது குளிர்காலத்தில்தான். ஆனால் மற்ற மாதங்களிலும் ஓரிரு இலைகள் பழுத்து, நல்ல செம்பு நிறத்துக்கு வந்து விழும். காலை நடையின்போது கிழியாதவற்றைப் பொறுக்கி வந்து, ஈரத்தைத் துடைத்து, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன். முதல் நாள் சூடு அதிகமாகி இலைகள் அப்பளம் போல நொறுங்கின. அடுத்த நாள் முதல் சரியாக வந்தது. அவளுடைய பழைய காவி நிறப் பருத்திப் புடவை ஜன்னல் திரையாயிற்று. உரிக்காத சோளக் கதிர்களையும் சீத்தாப்பழங்களையும் ஒரு கூடையில் வைத்தேன். பறங்கிக்காய் வாங்கப் போனபோது, வழக்கமாகப் பத்தை போட்டுக் கொடுக்கும் காய்கறிக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"முழுசாவா சார்? அதுவும் இத்தனையா? வீட்ல விசேஷமா?"

"இல்லம்மா, பார்க்கிறதுக்கு."

"பார்க்கிறதுக்கா!" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பினாள். "கேட்டியாடி, பறங்கிக்காயைப் பார்க்கிறதுக்கு வாங்கறாராம்."

எல்லாவற்றையும் வைத்து முடித்ததும் படுக்கையறை வாசலில் போய் நின்றேன். "ஹால் ரெடி. வந்து பாரு," என்றேன்.

"ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க," என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே வீட்டில், இரண்டு சுவர் தள்ளி இருப்பவளுக்கு ஃபோட்டோ அனுப்புவதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. அனுப்பினேன். உடனே வீடியோ அழைப்பு வந்தது. அவளுடைய குரல் படுக்கையறையிலிருந்து நேராகவும் கைப்பேசியிலிருந்து சற்றுத் தாமதித்தும் கேட்டது.

"கேமராவைக் கீழ காட்டுங்க. என்னங்க இது, பறங்கிக்காய் எல்லாம் உயரப்படி வரிசையா நிக்குது? அசெம்பிளியா நடக்குது?"

"பார்க்க ஒழுங்கா இருக்கட்டும்னு..."

"கலைச்சு வையுங்க."

"எப்படிக் கலைக்கிறது?"

"சரியாப் போச்சு. பெரியதை இடது பக்கம் தள்ளுங்க. சின்னதைப் படுக்க வையுங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ, அதை ஏன் நேரா திருப்பறீங்க?"

இப்படியே பல நாட்கள் போயின. அவள் கட்டிலில் இருந்து சொல்வாள், நான் முன்னறையில் செய்வேன், கைப்பேசி நடுவில் ஓடும். அவளுடைய குரலில் பழைய அதட்டல் திரும்பியது. அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் வெளியே வருவதற்கு நான் செய்த வேலை, அவள் உள்ளேயே இருந்துவிடுவதற்குத் தோதாக அமைந்துகொண்டிருந்தது.

கடைசியாக ஒன்றைச் செய்து பார்த்தேன். ஆய்வகத் தராசுகளைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். வீட்டில் ஒரு படம் மாட்டினாலும் ரசமட்டம் வைத்துத்தான் மாட்டுவேன். அப்படிப்பட்ட நான், ஜன்னலுக்குக் குறுக்கே இலைச் சரத்தைக் கட்டும்போது, வலது ஆணியை வேண்டுமென்றே தாழ்த்தி அடித்தேன். கோணலைப் பொறுக்க மாட்டாமல் எழுந்து வருவாள் என்று நினைத்தேன்.

ஃபோட்டோவைப் பார்த்தவள், "வலது பக்கம் இறங்கியிருக்கே. நீங்களா அடிச்சீங்க? உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றாள்.

"சரியாத்தான் இருக்கற மாதிரி தெரியுது. நீ வந்து பார்த்துச் சொல்லேன்."

நான் படுக்கையறைக்குப் போனேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "வர மாட்டேன்னு அடம் பிடிக்கலைங்க. அந்தப் படியை நினைச்சாலே கால் என்னுது இல்லாத மாதிரி ஆயிடுது. இன்னொரு தடவை விழுந்தா நான் எழுந்திருக்க மாட்டேன். அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளே, "ஆணியை மேல ஏத்தி அடிங்க, கண்றாவியா இருக்கு," என்றாள். பிறகு, "கதவுக்கு ஒரு வளையம் வேணும். அது இல்லாம இது முடியாது," என்றாள்.

வளையத்துக்கு எங்கே போவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, மலர் வளையம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள், நவம்பர் இரண்டு, நெருங்கியதால் நடைபாதை முழுவதும் மூங்கில் சிம்பும் வைக்கோலுமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஜீவனஹள்ளியில் இருந்து வருபவர்; என் பெற்றோருக்கு ஒவ்வொரு வருடமும் அவரிடம்தான் வாங்குவோம்.

"வா சார். ரெண்டு தானே? வழக்கமான சைஸா?"

"அது அடுத்த வாரம். இப்ப எனக்குப் பூ வைக்காம வெறும் வளையம் ஒண்ணு வேணும். கதவுல மாட்ட."

"கதவுலயா?" கத்தியைக் கீழே வைத்தார். "பெட்டி மேல வெப்பாங்க. கல்லறை மேல வெப்பாங்க. கதவுல இன்னாத்துக்கு சார்?"

"அலங்காரம். வெளிநாட்டுல எல்லாம் மாட்டறாங்க."

"அவங்க இன்னா வோணா மாட்டுவாங்க. அவங்க ஊரு," என்றார். ஆனாலும் நல்ல வட்டமாக, வைக்கோல் சீராகச் சுற்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். நான் மெரூன் ரிப்பன் இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடம் ஊதா மட்டும்தான் இருந்தது. நல்ல அடர்ந்த ஊதா. செம்பு நிற இலைக்குப் பொருந்தும் என்று வாங்கிக்கொண்டேன். அந்த மனிதர் சொன்னதை நான் கேட்கத்தான் செய்தேன். ஆனால் என் கவனமெல்லாம் வளையத்தின் விட்டம் கதவுக்குச் சரியாக வருமா என்பதில் இருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை. பாதாம் இலைகளை வளையம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, கீழே ஊதா ரிப்பனைத் தொங்கவிட்டு, வாசற்கதவில் மாட்டினேன். கதவை மூடி, கேட்டிலிருந்து ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். "சூப்பரா இருக்குங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. வேலை முடிந்ததால் முன்னறையைக் கழுவிவிடலாம் என்று தோன்றியது. பல நாள் இலைத்தூள் தரையில் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் வெளியே முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். குவித்துப் போட மனம் வராமல், வீட்டைப் பார்த்தபடி இரண்டு வரிசையாக வைத்தேன். தரையைக் கழுவி, தண்ணீரை வாசல் வழியே தள்ளித் துடைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டு ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போனேன். அங்கே ரொட்டி இன்னும் அடுப்பிலிருந்து வரவில்லை. காத்திருந்து வாங்கி வந்தேன்.

தெருவில் திரும்பும்போதே எங்கள் வீட்டு முன்னால் ஆட்கள் தெரிந்தார்கள். மூலை வீட்டு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கேட்டருகில் கைகட்டி நின்றிருந்தார். நாற்காலிகளில் பெண்கள். முதல் வரிசையில், எங்கள் எதிர்வீட்டில் ஜாக்கெட் தைக்கும் அக்கா, எங்கள் இருவருக்கும் மூத்தவர், புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"காலையில கூட கொரல் கேட்டுச்சே... என் டீச்சரே... ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியேடி கண்ணு..."

கண்டக்டர் என் கையைப் பிடித்தார். "தைரியமா இருக்கணும் சார். எல்லாருக்கும் ஒரு நாள் இருக்கு. டாக்டர் வந்து பார்த்துட்டாரா?"

அதிக நாள் படுத்திருந்தால் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம் என்று மருத்துவமனையில் முன்பே எச்சரித்திருந்தார்கள். அதுதான் என் நினைவுக்கு வந்தது. நான் இல்லாத நேரத்தில் நடந்துவிட்டது, யாரோ உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள், எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. ரொட்டிப் பொட்டலத்தை ஒரு நாற்காலியில் வைத்தேன். அது சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கதவைத் தள்ளினேன்.

முன்னறையின் நடுவில், ஈரம் முழுக்கக் காயாத தரையில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நின்றிருந்தாள். தலை பின்னாமல் இருந்தது. நைட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள்.

"யாருங்க?" என்றாள். "எந்த வீட்ல? அக்கா இப்படி அழறாங்களே, துபாய்ல இருக்கற அவங்க பையனுக்கு ஏதாவதா? எத்தனை தடவை உங்களைக் கூப்பிடறது?"

நான் வாசலை அடைத்தபடி நின்றிருந்தேன்.

"நகருங்க. நான் போகணும். அவங்க தனியா இருப்பாங்க."

தெருவில் எங்கே அழுகைச் சத்தம் கேட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு முதலில் போய் நிற்பவள் அவள். அந்த வழக்கம்தான் அவளைக் கட்டிலில் இருந்து எழுப்பி, சாப்பாட்டு அறையைக் கடக்கவைத்து, படியைத் தாண்டவைத்திருந்தது. நான் நகர்ந்தேன். அவள் வாசலுக்குப் போனாள்.

எதிர்வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ மாதாவே!" என்று எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"என்னக்கா? யாருக்கு என்ன?" என்றாள் என் மனைவி.

"நீ... நீ உசுரோட இருக்கியா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"அப்ப இது இன்னாடி?" அக்கா கதவைக் காட்டினார்.

என் மனைவி திரும்பி வளையத்தைப் பார்த்தாள். ரிப்பனைப் பார்த்தாள். இரண்டு வரிசை நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. வாக்கர் ஆடியது. கண்டக்டர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார்.

"அலங்காரம் அக்கா," என்றாள், மூச்சு வாங்க. "இலையுதிர் காலத்துக்கு."

"நாசமாப் போச்சு! வளையம் தொங்குது, ஊதா ரிப்பன் தொங்குது, சேர் போட்டிருக்கு, வாசல்ல தண்ணி ஊத்திக் கழுவி விட்டிருக்கு! மனுஷன் இன்னா நெனப்பான்? ஏன் சார், படிச்சவர்தானே நீங்க? ஒரு பேஜாரா ரெண்டு பேஜாரா! என் நெஞ்சு அடிச்சுக்கறது இன்னும் நிக்கல."

"கொஞ்சம் இருங்க," என்றார் கண்டக்டர், கைப்பேசியை எடுத்தபடி. "ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லிட்டேன். கிளம்பிட்டானான்னு தெரியல." எதிர்முனையில் எடுத்தவரிடம் கன்னடத்தில், "பேடா, பேடா," என்று கத்தினார். வேண்டாம், வேண்டாம். அங்கிருந்து ஏதோ கேட்டார்கள் போல. "இல்லப்பா, எழுந்து வந்துட்டாங்க," என்றார். அதற்குப் பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை.

என் மனைவியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் எதிர்வீட்டு அக்கா அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, அறுவை செய்த காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார். இந்த அழுகை வேறு மாதிரி இருந்தது.

"எதிர்லயே இருந்துகிட்டு எத்தனை மாசமாச்சுடி உன் மொகத்தைப் பார்த்து. நானும் வந்து வந்து பார்த்தேன். எப்ப வந்தாலும் தூங்கறாங்கன்னு சொல்லி அனுப்பிடறாரு. இன்னிக்கு அந்த வளையத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரல. கதவைத் தொறந்து பார்க்க தைரியமும் வரல. இதுதான் வரப்போகுதுன்னு தினமும் பயந்துகினு இருந்தேன்."

"நான்தான் அக்கா தூங்கறேன்னு சொல்லச் சொன்னேன்," என்றாள் என் மனைவி.

"ஏன்?"

அவள் வாக்கரைக் காட்டினாள். "இதோட யாருக்கு முன்னாடியும் வரப் பிடிக்கல."

"அடிப் போடி," என்றார் அக்கா. "நான் முட்டிவலியில ஆடி ஆடி நடக்கறதைத் தெருவே பார்க்குது."

ரொட்டியை அங்கேயே வெட்டினோம். நான் தேநீர் போட்டு வந்தேன். அக்கா முதல் வேலையாக வளையத்தைக் கழற்றி, ஊதா ரிப்பனை அவிழ்த்துக் குப்பையில் போட்டார். எல்லோரும் முன்னறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பறங்கிக்காய்களைப் பார்த்துவிட்டு, கூட்டுக்கு ஆகும் என்று ஒருவர் சொன்னார். என் மனைவியும் திரும்பி உள்ளே பார்த்தாள். அத்தனை நாள் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துத் தானே அடுக்கவைத்த அறை.

"ஃபோட்டோல பெரிய ஹாலா தெரிஞ்சுது," என்றாள்.

சாயங்கால மழை தூறத் தொடங்கியதும் எல்லோரும் கலைந்தார்கள். நான் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்தேன். அவள் வாக்கரோடு முன்னறையைக் கடந்து, நடுப் படி வரை போனாள். அங்கே நின்றாள். நான் பின்னால் போய் நின்றேன். வரும்போது அவள் கண்ணில் படாத அந்த மரப் படி, இப்போது அதே பழைய உயரத்தில் இருந்தது.

"எப்படித் தாண்டினேன்னே தெரியலங்க," என்றாள். "வாக்கரை எங்க வச்சேன், எந்தக் காலை முதல்ல எடுத்தேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல."

தாண்டியாயிற்றே, மறுபடி தாண்ட முடியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நடந்ததை வைத்து அவளை நெருக்கினால், அடுத்த முறை அவள் அழுகைச் சத்தத்தையும் நான் செய்த ஏற்பாடு என்று சந்தேகிப்பாள் என்று பட்டது. தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். திரும்பி வந்து ஜன்னலருகே இருந்த திவான் கட்டிலில் உட்கார்ந்தாள். மழை வலுத்து, எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அக்கா தையல் மிஷினில் உட்காருவது காவிப் புடவைத் திரை வழியாகத் தெரிந்தது.

"எனக்கு இங்கயே படுக்கை போட்டுடுங்க," என்றாள்.

"இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல. இனிமே இங்கதான்."

நான் தலையணைகளை எடுக்கப் போனேன். பாதி வழியில் ஒன்று தோன்ற, திரும்பி வந்தேன். எதையும் முன்கூட்டி யோசித்து வைப்பது என் சுபாவம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பாத்ரூம் அந்தப் பக்கம்தான் இருக்கு," என்றேன். "ஒவ்வொரு தடவையும் படியைத் தாண்டணும்."

"தெரியும்," என்றாள்.

தேநீர் குடித்து நேரமாகியிருந்தது. நான் தலையணைகளோடு வந்தபோது அவள் பாத்ரூம் போகத் திவானைவிட்டு எழுந்து வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். படியருகே போனாள். வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். நல்ல காலையா முறிந்த காலையா, எதை முதலில் எடுப்பது என்று என்னிடம் கேட்டாள். பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்திருந்ததைச் சொன்னேன். "கிட்ட நில்லுங்க, தொடாதீங்க," என்றாள். தலையணைகளைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அவள் இடுப்பின் இருபுறமும் காற்றில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் தாண்டுவதற்கு நெடுநேரம் ஆயிற்று.